இந்தத் தெருவில் யாரும் நடப்பதில்லை

கண்ணாடிக்கடைக்காரர் செயலாளர் ஆனது யாரும் திட்டம் போட்டு நடந்த காரியம் அல்ல. பழைய செயலாளர் மகனோடு இருக்கப்போவதாகச் சொல்லி வெளியூர் போய்விட்டார். கூட்டத்தில் தலைவர், "இனிமே யார் எழுதறது?" என்று கேட்டதும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தங்கள் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் பழக்கம். தலைவரின் மூக்குக்கண்ணாடி இடப்பக்கம் அரை நூல் சரிந்திருந்தது. எந்தத் திருகை முடுக்கினால் நிமிரும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவர்தான் என்பதால் அவரே செயலாளர் ஆனார்.

அதுவரை பதினோரு வருஷமாக அந்தத் தெருவில் அவர் 'முனை வீட்டுக்காரர்'. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரிந்துகொள்ளத் தேவைப்படவில்லை. காலையில் கடை திறக்கப் போகும்போது எதிரே வரும் கார்களைப் பார்த்துத் தலையசைப்பார். கார்கள் பதிலுக்குத் தலையசைத்ததில்லை. செயலாளர் ஆன மறுநாள் தலைவரின் கார் அவர் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. "என்ன செயலாளர் சார், சௌக்கியமா?" என்றார் தலைவர். அன்று கடையில் ஒருவருக்கு வலது கண் பவரை இடது கண்ணுக்கும் இடது கண் பவரை வலது கண்ணுக்கும் மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

தலைவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். துணைத்தலைவர் பல் டாக்டரம்மா. அமைப்பின் பெயர் தெரு நலன் காப்பு மன்றம். பதினான்கு வருஷங்களில் அது தெருவின் நலனைப் பல தடவை காத்துக் கொடுத்திருந்தது. நூலகம் ஒன்று வர இருந்தது, வராமல் காத்தது. பஸ் நிறுத்தத்தைத் தெருவுக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். பெரிய சாலையோடு நிறுத்திக் காத்தது. தபால் பெட்டி மட்டும் கண் அசந்த நேரத்தில் வந்துவிட்டது. அதை ஒன்றரை வருஷம் போராடி எடுக்கவைத்தார்கள்.

தெருவின் ஒரு கோடியில் பஸ் நிற்கும் பெரிய சாலை. மறு கோடியில் ஆஸ்பத்திரி. நடுவில் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் மதில்களும் வாசல் கதவுகளும். நடக்கிறவர்களுக்கென்று ஓர் அடி அகலம்கூடக் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவர்கள் தாரின் ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். கார் வந்தால் மதிலோடு ஒட்டிக்கொள்வார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் வயிற்றையும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

தெருவின் நடுவே மூடிக்கிடந்த பிஸ்கட் தொழிற்சாலையின் வேலியில்தான் அந்த மஞ்சள் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நாற்பத்தெட்டு வீடுகள், நான்கு மாடி. அதோடு பஸ் நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை நடைபாதை. அறிவிப்பு ஒட்டிய பசை காய்வதற்குள் தலைவர் வீட்டுக் கூடத்தில் அவசரக் கூட்டம் கூடிவிட்டது.

"எல்லாரும் எழுந்து நிக்கலாம்" என்றார் தலைவர்.

நின்றார்கள். அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள்.

"நான் வீடுகளுக்கு எதிரி அல்ல."

"நான் வீடுகளுக்கு எதிரி அல்ல."

"நடைபாதைகளுக்கு எதிரி அல்ல. உழைக்கும் மக்களுக்கு எதிரி அல்ல."

அதையும் சொன்னார்கள். பல் டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். தலைவர் தாளைப் பார்த்து, "அடுத்தது, ஆனால்" என்றார்.

செயலாளருக்குப் புரியவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி விழித்தார். பல் டாக்டரம்மா அவர் பக்கம் சாய்ந்து, "நிகழ்ச்சி நிரல்ல ரெண்டாவது. 'ஆனால்'னு தலைப்புப் போட்டு எழுதுங்க" என்று சொல்லிக்கொடுத்தார்.

'ஆனால்' இரண்டரை மணி நேரம் நடந்தது.

"முப்பத்தாறு வருஷம் பிள்ளைங்களுக்குச் சமத்துவம் சொல்லிக்கொடுத்தவன் நான்" என்றார் தலைவர். "சமத்துவம் எங்க இருக்கணுமோ அங்க இருக்கணும். பாடத்துல இருக்கணும். மேடையில இருக்கணும். அது நாலு மாடி உசரத்துக்கு எழும்பி என் ஜன்னலுக்கு எதிர்ல வந்து நின்னா, அதுக்குப் பேரு சமத்துவமா, இடைஞ்சலா?"

இடைஞ்சல் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

பிறகு தொழிற்சாலையைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த இடிந்த கட்டடம் தெருவின் பழம்பெருமை என்றும், அதில் வாழும் அரிய சிற்றுயிர்களைக் கலைக்கக் கூடாது என்றும் தீர்மானம் எழுதச் சொன்னார்கள். செயலாளர் பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"சார், இதே மன்றம் இந்தக் கட்டடத்தை இடிக்கச் சொல்லி ஒன்பது கடிதம் போட்டிருக்கு. எலித் தொல்லைன்னு."

"அது அப்போ எலி" என்றார் தலைவர். "இப்போ சிற்றுயிர். எழுதுங்க."

எழுதினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிழல் துணைக்குழு வேலையில் இறங்கியது. இன்னும் கட்டாத கட்டடத்தின் நிழல் எங்கே விழும் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மூங்கில் கழிகளைச் சேர்த்துக் கட்டி, நுனியில் சிவப்புத் துணி சுற்றி, தொழிற்சாலை வேலிக்குள் நட்டார்கள். நாலு மாடி உயரம் வரவில்லை என்று பலூன் கட்டினார்கள். பலூன் காற்றில் ஆடியதால் நிழலும் ஆடியது. ஒரு தடவை தலைவர் வீட்டு மாடியில் விழுந்தது. ஒரு தடவை மூணாம் தெருவில் விழுந்தது. கடைசியில் குளிர்காலத்தில் பதினோரு நிமிஷம் பல் டாக்டரம்மாவின் கார்மேல் நிழல் விழும் என்று கண்டார்கள்.

"நல்லதுதானே, கார் சூடாகாம இருக்கும்" என்று யாரோ சொன்னார். யார் சொன்னது என்பது குறிப்பில் இல்லை.

"நிழல் வேணும்னா நான் நட்ட மரம் இருக்கு" என்றார் பல் டாக்டரம்மா. "ஊரான் வீட்டு நிழல்ல என் கார் எதுக்கு நிக்கணும்?"

ஆட்சேப மனு எழுத உட்கார்ந்தபோது ஒரு சிக்கல் வந்தது. அங்கே குடிவரப் போகிறவர்களை என்னவென்று குறிப்பிடுவது? 'ஊழியர்கள்' என்று போட்டால் படிக்கிறவனுக்கு இரக்கம் வந்துவிடும். 'வெளியாட்கள்' என்று போட்டால் நம்மைத் தப்பாக நினைப்பார்கள். அரை மணி நேரம் மண்டையைக் குடைந்தார்கள். செயலாளர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, "நிலைத்துத் தங்கும் இயல்பு இல்லாதோர்னு போடலாமா?" என்றார்.

எல்லாரும் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள். தலைவர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "இதுதான்யா எழுத்து!" என்றார். அன்று சாப்பிடும்போது கண்ணாடிக்கடைக்காரர் அதை மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை மனைவி, "யாரைச் சொல்றீங்க அப்படி?" என்று கேட்டாள். "பொதுவாச் சொன்னது" என்றார் அவர்.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. அதே ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவள். ஊருக்கு வெளியே, பஸ் திரும்பும் இடத்துக்கும் அப்பால் குடியிருந்தாள். தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போனாள். இது மன்றத்தில் யாருக்கும் தெரியாது. சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டிருந்தார்.

நடைபாதை தேவையில்லை என்று நிரூபிக்க, நடப்போர் கணக்கெடுப்பு என்று ஒன்று ஏற்பாடாயிற்று. தெருவில் நடப்பவரே இல்லை என்று காட்டிவிட்டால் நடைபாதைக்கு என்ன வேலை? எண்ணும் பொறுப்பு செயலாளருக்கு வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, எழுது அட்டை, கோடு போட்ட தாள், குடை எல்லாம் மன்றமே கொடுத்தது. காலை ஆறரைக்கு முனையில் உட்கார்ந்தார்.

ஏழு மணிக்குள் ஒரு தாள் நிரம்பிவிட்டது. நர்ஸுகள், துப்புரவுக்காரர்கள், சமையல்கட்டு ஆட்கள், எக்ஸ்ரே எடுப்பவர், கைக்குழந்தையோடு ஒருத்தி, ஊன்றுகோலோடு ஒரு கிழவர். அவர் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுத்துக்கொண்டே இருந்தார். இத்தனை பேரா? பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறோம், இவர்களையெல்லாம் பார்த்ததே இல்லையே என்று தோன்றியது. ஊருக்கே கண் பார்க்கிறவர் அவர்.

"என்னண்ணா, இங்க உக்காந்திருக்கே?"

தங்கை. தோளில் பை, கையில் குடை, காலில் வெள்ளை ஷூ. அவர் கை தானாக எழுது அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டது.

"சும்மா… நடக்கறவங்களை எண்றோம்."

"நடைபாதைக்கா?"

"ஆமா. நடைபாதை விஷயமாத்தான்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவரை அப்புறம் ரொம்ப நாள் அரித்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நீ செஞ்சதுலயே உருப்படியான வேலை இதுதாண்ணா! போன மாசம் எங்க சமையல்கட்டு அக்காவை ஒரு கார் கண்ணாடி முழங்கையில தட்டிட்டுப் போயிடுச்சு. இன்னும் கரண்டி பிடிக்க முடியல அவங்களுக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உனக்கு ஒண்ணு சொல்லவா? அந்த ஃபேக்டரி இடத்துல கட்டப்போற வீட்டுக்கு நானும் எழுதிப் போட்டிருந்தேன். குலுக்கல்ல பதினேழாவதா வந்திருக்கு. நாற்பத்தெட்டுல பதினேழு! பொண்ணு தூங்கும்போது கிளம்பி, தூங்கினப்புறம் போய்ச் சேர்றேன். இங்க வந்துட்டா அவளை முழிச்சிருக்கும்போது பார்க்கலாம்."

"அப்படியா" என்றார் அவர்.

"உன் வீட்டுக்கும் பக்கம். அண்ணி கூப்பிட்டா ஓடி வந்துடலாம். சரி, நேரமாச்சு. என்னையும் எண்ணிக்கோ."

அவள் போன பிறகு ஒரு கோடு போட்டார். பென்சில் முனை ஒடிந்துவிட்டது.

மாலைவரை எண்ணியதில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். துணைக்குழு அந்த எண்ணைப் பார்த்து அரண்டது. பிறகு சுதாரித்துக்கொண்டு சீர்திருத்த உட்கார்ந்தது.

"இதுல வேலைக்குப் போறவங்க எத்தனை?" என்றார் தலைவர்.

"பெரும்பாலும் அவங்கதான் சார்."

"அவங்க பணியாளர்கள். அவங்க நடக்கல, வேலைக்குப் போறாங்க. கழிச்சிடுங்க. பஸ்ஸைவிட்டு இறங்கி வர்றவங்க?"

"அவங்களும் நிறைய."

"அவங்க பஸ் பயணிகள். போக்குவரத்துத் துறை கணக்கு. நம்ம தலையில எதுக்கு? நோயாளியைப் பார்க்க வர்றவங்க பார்வையாளர்கள். பிள்ளைங்க நடக்கல, ஓடுது. நடப்போர்னா யாரு? நடக்கணும்னு நடக்கறவங்க. உடம்புக்காக நடக்கறவங்க. அப்படி எத்தனை பேர்?"

அப்படி நம் தெருவில் நான்கு பேர் உண்டு என்று பல் டாக்டரம்மா நினைவுபடுத்தினார். அவரும் அதில் ஒருவர். ஆனால் அவர்கள் நான்கு பேரும் காரில் பூங்காவுக்குப் போய் அங்கேதான் நடக்கிறார்கள். ஆகவே அறிக்கையில், 'நடப்போர்: எவருமில்லை' என்று எழுதப்பட்டது. கீழே கண்ணாடிக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார்.

அன்று அவர் எழுந்து தங்கையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தார். அப்போது தலைவர், "செயலாளர் இல்லேன்னா இந்த மன்றம் என்ன ஆயிருக்கும்!" என்றார். திறந்த வாய் சிரித்துவிட்டு மூடிக்கொண்டது.

பொது விசாரணை நகர அலுவலகத்தின் பெரிய அறையில் நடந்தது. மேடையில் திட்ட அலுவலர், முன்னால் மேசைமணி, ஒரு குவளைத் தண்ணீர். தொடங்கும்போதே அவர் தம் நிலையைத் தெளிவாக்கினார்.

"இந்த அலுவலகம் யார் பக்கமும் சாயாது. எந்தக் காரியம் இன்னும் நடக்காம இருக்கோ, அதோட பக்கம்தான் எப்பவும் நிக்கும். ஒரு திட்டம் நடந்துட்டா ஒரு தடவைதான் கையெழுத்து. நடக்காம இருந்தா வருஷா வருஷம் பரிசீலனை. எங்களை மாதிரி சுறுசுறுப்பா வேலை செய்யற அலுவலகம் கிடையாது."

மன்றத்தினர் முன்வரிசையில் இருந்தார்கள். பின்னால் சீருடையோடு ஆஸ்பத்திரி ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மற்றவர்களுக்கு வேலை நேரம். கண்ணாடிக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே எந்த நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருக்கிறாள் என்று பிடரிக்குத் தெரிந்தது.

முதலில் தலைவர் பேசினார்.

"அந்த ஊழியர்கள் எங்க மகள்கள் மாதிரி. ராத்திரி பகல் பார்க்காம நமக்குச் சேவை செய்யறாங்க. அவங்க மேல எங்களுக்கு அளவில்லாத பாசம். ஆனா மகள்களை நாம என்ன செய்யறோம்? பக்கத்துலயே வெச்சுக்கறோமா? கட்டிக்கொடுத்து அனுப்பிடறோம். தூரத்துல இருந்தாத்தான் பாசம் நிலைக்கும்."

முன்வரிசை நெகிழ்ந்தது. பிறகு செயலாளர் மனுவை வாசிக்க எழுந்தார். ஒலிவாங்கி நல்ல தரமானது. அவர் விட்ட மூச்சுகூடக் கடைசி வரிசைவரை போயிற்று. நிழல், சிற்றுயிர், 'நடப்போர் எவருமில்லை' எல்லாம் வாசித்து, 'நிலைத்துத் தங்கும் இயல்பு இல்லாதோர்' என்ற இடத்துக்கு வந்தபோது பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். அந்தத் தொடரை முதல் சொல்லிலிருந்து திரும்ப வாசிக்க வேண்டியதாயிற்று. ஆக, அதை இரண்டு தடவை வாசித்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். யார் என்று பார்க்க அவசியம் இருக்கவில்லை.

"நான் அந்த ஆஸ்பத்திரியில பத்தொன்பது வருஷமா இருக்கேன்" என்றாள். "இங்க முன்வரிசையில இருக்கறவங்கள்ல அஞ்சு பேருக்கு நான் ரத்தம் எடுத்திருக்கேன். ஒருத்தருக்கு நரம்பு கிடைக்காது. நான் வந்தாத்தான் கையை நீட்டுவார். பத்தொன்பது வருஷம் தங்கினது நிலைச்சுத் தங்கினதுல சேராதுன்னா, எத்தனை வருஷம் வேணும்னு சொன்னா நல்லா இருக்கும்."

அலுவலர் மணியடித்தார். "உங்க கேள்வி நிழலா, வடிகாலா?" என்று கேட்டார்.

நரம்பு கிடைக்காதவர் தலைவர்தான். அவர் முழங்கையின் உட்பக்கத்தைத் தடவிக்கொண்டே செயலாளர் பக்கம் சாய்ந்தார். "இந்த அம்மா உங்களையே பார்த்துப் பேசறாங்களே. தெரிஞ்சவங்களா?"

கேட்டது மெதுவாகத்தான். பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? 'என் தங்கச்சி' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். கண்ணாடிக்கடைக்காரர் தம் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு" என்றார்.

ஒலிவாங்கியை யாரும் அணைக்கவில்லை.

அறையில் மற்ற யாருக்கும் அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. அலுவலர் அடுத்தவரைக் கூப்பிட்டார். கண்ணாடிக்கடைக்காரருக்கு மட்டும் காது மடல் தீயாய் எரிந்தது. உட்காரவா நிற்கவா என்று தெரியாமல் பாதி குனிந்தபடி இருந்தார்.

வெளியே படிக்கட்டில் தலைவரும் அவரும் காருக்காக நின்றபோது அவள் பக்கத்தில் வந்தாள். இப்போது கேட்கப் போகிறாள், எல்லார் எதிரிலும் கேட்கட்டும், அதுதான் நியாயம் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் தலைவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அண்ணனிடம், "நல்லா வாசிச்சீங்க, சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

காட்டிக்கொடுக்கவில்லை. அவர் சொன்ன பொய்யை அவளும் சேர்ந்து தாங்கிப் பிடித்துவிட்டுப் போயிருந்தாள். அவள் செருப்பால் அடித்திருந்தால்கூட அந்தச் 'சார்' அளவுக்கு வலித்திருக்காது.

"மரியாதை தெரிஞ்ச பொண்ணு" என்றார் தலைவர்.

வீட்டில் மனைவியிடம் மறைக்க முடியவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"கூடப் பிறந்தவளைப் பார்த்த மாதிரி இருக்குன்னீங்களா?"

"வாய் தவறி வந்துடுச்சு."

"வாய் தவறினா உண்மை வரும். இது யோசிச்சு வந்தது." கீழே வைத்த துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டே கேட்டாள். "நாளைக்கு நானே அங்க ஒரு வீடு கேட்டு நின்னா, என்னையும் எங்கயோ பார்த்த மாதிரி இருக்குமா?"

அவர் தங்கைக்கு மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் அவள் எடுத்தாள். பொண்ணுக்குப் பரீட்சை, தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்று வழக்கம்போலப் பேசினாள். அந்த நாளைப் பற்றி அவளாக எடுக்கவில்லை. அவராலும் எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும், "வேற ஒண்ணுமில்ல, சும்மாத்தான்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்தது. எல்லாத் தரப்பையும் திருப்திப்படுத்துவதாக அலுவலர் சொல்லியிருந்தார். நிழல் ஆட்சேபத்துக்காக இரண்டு மாடிகளைக் குறைத்தார்கள். நெரிசல் வரும் என்ற ஆட்சேபத்துக்காகக் கார் நிறுத்த இடத்தைக் கூட்டினார்கள். சிற்றுயிர்களுக்காக ஒரு மூலையை ஒதுக்கினார்கள். ஜன்னலுக்கு எதிரே ஜன்னல் வரக் கூடாது என்பதற்காக மிச்சமிருந்த சுவர்களை எடுத்தார்கள். கடைசி வரைபடத்தில் வீடுகள் எதுவும் மிஞ்சவில்லை. இருநூறு கார்கள் நிற்கும் கூரையிட்ட இடம் ஒன்று மிஞ்சியது. அதற்குப் பெயர் மட்டும் 'ஊழியர் குடியிருப்புத் திட்டம்' என்றே இருந்தது. மாற்ற வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமாம்.

நடைபாதையையும் முழுக்க மறுக்கவில்லை. தலைவர் வீட்டு வாசலிலிருந்து பல் டாக்டரம்மா வீட்டு வாசல்வரை பத்தொன்பது அடிக்குப் போட்டார்கள். சிவப்புக் கல், ஓரத்தில் பூத்தொட்டி. அழுக்காகிவிடும் என்று இரண்டு முனையிலும் சங்கிலி. திறப்பு விழாவுக்குத் தலைவர் காரில் வந்து இறங்கினார். பாதை அவர் வாசலில்தான் தொடங்குகிறது என்பதால் காரைப் பின்னால் எடுத்து, தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"எதிர்க்கறவங்க, எதிர்க்கறவங்கன்னு நம்மைச் சொன்னாங்க" என்றார் ரிப்பனை வெட்டிவிட்டு. "இதோ, நடைபாதை! யார் கொடுத்தது? நாம கொடுத்தது."

பாதை பூத்தொட்டியோடு முடிந்த இடத்தில் ஆஸ்பத்திரி ஆட்கள் நாலைந்து பேர் தாரின் ஓரமாக ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். விழாக் கூட்டம் வழியை அடைத்திருந்ததால் நடுச் சாலைக்கு இறங்கிச் சுற்றிப் போனார்கள். ஒரு கார் ஹாரன் அடித்தது. கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு சிரித்தார். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அவர் கண் மூடியிருக்கிறது.

தீர்ப்பின் கடைசித் தாளில் பொடி எழுத்தில் ஒன்று இருந்தது. முப்பது நாளுக்குள் யாரும் மறு ஆய்வு கேட்கலாம். பொடி எழுத்தைப் படிப்பது அவர் தொழில். இருபத்தொன்பதாவது நாள் கடையைப் பூட்டிவிட்டு நகர அலுவலகத்துக்குப் போனார்.

அதே பெரிய அறை. அலுவலரும் ஒரு குமாஸ்தாவும் மட்டும் இருந்தார்கள். அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். "தேவையில்லை, கிட்ட வந்து சொல்லுங்க" என்றார் அலுவலர். அவருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. தப்பை ஒலிவாங்கியில் செய்தவர், திருத்தத்தையும் அதிலேயே செய்ய நினைத்திருந்தார்.

"போன விசாரணையில ஒரு அம்மா எழுந்து பேசினாங்க. ரத்தம் எடுக்கறவங்க. அவ என் தங்கச்சி. எங்கயோ பார்த்த மாதிரி இருக்குன்னு சொன்னேன். அது பொய். 'நிலைத்துத் தங்கும் இயல்பு இல்லாதோர்'ங்கறது நான் எழுதினது. நடப்போர் எவருமில்லைங்கறதும் பொய். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் நடந்தாங்க. நானே எண்ணினேன். அவளையும் எண்ணினேன். இதையெல்லாம் பதிவு செய்யணும்."

அலுவலர் கெட்ட மனிதர் அல்ல. குவளைத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா படிவத்துல வருத்தத்துக்குன்னு கட்டம் இல்லை. நிழல், வடிகால், போக்குவரத்து, தெருவின் தன்மை. இதுல எது?"

அவர் யோசித்தார். "அவ நடந்து போறா" என்றார்.

"அப்போ போக்குவரத்து" என்றார் அலுவலர். குமாஸ்தா குறித்துக்கொண்டார். "ஆதரவா, எதிர்ப்பா?"

"ஆதரவு."

"திட்டம் இப்போ கார் நிறுத்தற இடம். அதுக்கா ஆதரவு?"

"ஐயோ, இல்லை. எதிர்ப்பு."

"எதிர்ப்பு" என்று முத்திரை விழுந்தது. குமாஸ்தா தாளைக் கொண்டுபோய்த் தெரு நலன் காப்பு மன்றத்தின் ஆட்சேபங்கள் இருந்த கட்டோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார். "இதோட நூற்றிரண்டு, சார்" என்றார். "நல்ல பலமான எதிர்ப்பு" என்றார் அலுவலர்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். மாலை வெயில் படியில் சாய்வாக விழுந்திருந்தது. போனை எடுத்துக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கூப்பிட்டார்.

"சொல்லுண்ணா. இன்னைக்குச் சீக்கிரம் விட்டாங்க, இப்பத்தான் பஸ் ஏறினேன்."

"நகர ஆபீஸ்ல இருக்கேன். நீ என் தங்கச்சின்னு சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாங்க."

பஸ் உறுமுவதும் நடத்துனர் விசிலடிப்பதும் கேட்டது.

"எதுல எழுதினாங்க?" என்றாள் கடைசியில்.

"போக்குவரத்துல."

அவள் சிரித்தாள். சின்ன வயதில் மூச்சு முட்டச் சிரிப்பாளே, அதே சிரிப்பு. அவரும் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் அவள் சிரிப்பு நின்றுவிட்டதையும் தாம் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பதையும் கவனித்து நிறுத்திக்கொண்டார்.

"அம்மாடி, நான் அன்னைக்கு…"

"அண்ணா, இறங்கற இடம் வந்துடுச்சு. வெச்சுடறேன்" என்றாள்.

அவள் இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் ஒன்றே கால் மணி நேரம் இருந்தது.